டிராக்டருக்கு எண்ணெயும் தண்ணீரும்: ஏரிப் பாசனக் குடியானவர்கள் கவனிக்க வேண்டியவை

காஞ்சிபுரம் ஜில்லாவில் நெற்பயிரின் காலத்தைப் பஞ்சாங்கம் மட்டும் நிர்ணயிப்பதில்லை, ஏரியும் நிர்ணயிக்கிறது. தென்னேரி, தாமல், உத்திரமேரூர் முதலிய ஏரிகள் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் மழையால் நிரம்பிய பின்னர், நவரைப் பட்டத்துக்காக மார்கழி, தை மாதங்களில் மதகு திறக்கப்படும்பொழுது, ஆயக்கட்டிலுள்ள நிலங்கள் யாவும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் சேற்றுழவுக்கு வந்துவிடுகின்றன. அச்சமயத்தில் ஊரிலுள்ள டிராக்டர்கள் அனைத்துக்கும் ஒருங்கே வேலையுண்டு. பழுது பார்க்கும் பட்டறைகளிலும் அப்பொழுதுதான் கூட்டம் அதிகம். ஆகவே, அந்நாட்களில் ஒரு டிராக்டர் நின்றுவிட்டால், அது மறுபடியும் வயலில் இறங்க எத்தனை நாட்களாகும் என்று எவராலும் உறுதி கூற இயலாது.

இதனால் விளையும் நஷ்டம் மராமத்துச் செலவோடு நிற்பதன்று. குறுகிய வயதுடைய நெல் ரகங்களின் நாற்றை 18 முதல் 22 நாட்களுக்குள் பிடுங்கி நட்டுவிட வேண்டும். நாற்றங்காலிலேயே அது முற்றிவிட்டால், நட்டபின் தூர் கட்டுவது குறையும், கதிரும் குறையும். நடவு பிந்தினால், கதிர் பால் பிடிக்கும் தறுவாயில் ஏரி நீர் வற்றிக் கடைமடை நிலங்கள் காய நேரிடும். டிராக்டரைப் பாங்கிக் கடனில் வாங்கியவருக்கோ, யந்திரம் நின்ற நாட்களிலும் தவணையும் வட்டியும் நிற்பதில்லை. சில லிட்டர் எண்ணெயைக் காலத்தில் மாற்றாத அசட்டையால் ஒரு பட்டத்தின் மகசூலே குறைவது இவ்வாறுதான்.

நம் முன்னோர்கள் இவ்விஷயத்தில் அசட்டையாக இருந்தவர்களல்லர். கட்டைவண்டி ஓட்டியவர், பாரம் ஏற்றுமுன் கடையாணியைக் கழற்றிச் சக்கரத்தைச் சற்று வெளியே இழுத்து, வைக்கோற் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த மையை அச்சில் இட்ட பின்னரே மாட்டைப் பூட்டுவார். காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலில் வைகாசித் தேரோட்டத்துக்கு முன் தேரின் அச்சையும் சக்கரங்களையும் பார்த்துச் சரி செய்யாமல் வடம் பிடிக்கத் துணிவாரில்லை. பட்டுத் தறியில் அமரும் நெசவாளரும் பாவில் அறுந்த இழை உண்டா என்று பார்த்து, முடிந்து, பின்னரே நாடாவை ஓட்டுகிறார். வேலைக்கு முன் கருவியைப் பார்ப்பது இந்த மண்ணுக்குப் புதிய பாடமன்று. பழைய கருவிகளிடம் காட்டிய அக்கறையைப் புதிய கருவியிடமும் காட்ட வேண்டுமென்பதே இங்கு கூற வந்தது.

டிராக்டரும் இன்று அபூர்வமான பொருளன்று. 1960-ஆம் ஆண்டில் சென்னையில் டாஃபே கம்பெனி தோன்றியது முதல் நம் மாகாணத்திலேயே டிராக்டர்கள் செய்யப்படுகின்றன. நம் ஜில்லாவின் இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டு முதல் மோட்டார் கார்கள் தயாராகி வருகின்றன. யந்திரத்தைச் செய்து கொடுப்பது தொழிற்சாலையின் பொறுப்பு. அதனைப் பதினைந்து வருஷம் ஓட வைப்பதும், ஐந்தே வருஷத்தில் பழைய இரும்பாக்குவதும் சொந்தக்காரரின் கையிலேயே இருக்கின்றன.

எண்ணெய் செய்யும் வேலை

எண்ணெய் இரும்பை வழவழப்பாக்குகிறது என்று மட்டும் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது செய்யும் வேலை அதனினும் பெரிது. 1883-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பியூசாம்ப் டவர் என்னும் பொறியாளர், ரயில் வண்டியின் அச்சு சுழலும் பேரிங்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் மேற்புறத்தில் அவர் ஒரு துவாரம் இட்டார். அச்சு சுழலத் தொடங்கியதும், எண்ணெய் உள்ளே செல்வதற்குப் பதிலாகத் துவாரத்தின் வழியே மேலே பொங்கி வந்தது. மரக்கட்டையால் துவாரத்தை அடைத்தார். அக்கட்டையையும் எண்ணெய் வெளியே தள்ளிவிட்டது. சுழலும் அச்சு, எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் சென்று இடுக்கில் அழுத்துகிறதென்றும், அவ்வழுத்தமே பாரத்தைத் தாங்குகிறதென்றும் இதனால் விளங்கிற்று. 1886-ஆம் ஆண்டில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்னும் பேராசிரியர் இதற்குக் கணித விளக்கம் தந்தார்.

ஆகவே, நல்ல நிலையிலுள்ள எஞ்சினில் கிராங்க் தண்டு இரும்பின்மேல் சுழல்வதில்லை. தண்ணீரில் ஓடம் மிதப்பதுபோல் மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்து சுழல்கிறது. எண்ணெய் குறைந்தாலும், டீசல் கலந்து நீர்த்தாலும், அழுக்கேறிக் கெட்டாலும் அப்படலம் அறுபடுகிறது. அறுபட்ட நொடியே இரும்பு இரும்பைத் தொடும், சூடேறும், சில நிமிஷங்களில் பேரிங் உருகித் தண்டைப் பற்றிக்கொள்ளும். எஞ்சின் ‘பிடித்துக்கொண்டது’ என்று கூறுவது இதைத்தான்.

எண்ணெய்க்கு வேறு வேலைகளும் உண்டு. பிஸ்டனின் சூட்டை வாங்கிச் செல்வது, எரிந்த புகைக்கரியைத் தன்னுள் ஏந்தி வைப்பது, எரிதலால் உண்டாகும் புளிப்புப் பொருள்களின் தீங்கை மாற்றுவது ஆகியவை அவை. டீசல் எஞ்சினில் ஊற்றிய புதிய எண்ணெய் சில மணி நேரத்திலேயே கறுத்துவிடுவதைக் கண்டு, கலப்பட எண்ணெய் என்று சந்தேகிப்பவர்கள் உளர். அச்சந்தேகம் வேண்டுவதில்லை. கரி அடியில் படியாமல் எண்ணெயில் மிதக்க வேண்டுமென்றே அதில் மருந்துப் பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. எண்ணெய் கறுப்பது அது வேலை செய்வதன் அறிகுறியாகும். எனவே, நிறத்தைப் பார்த்து எண்ணெயை மாற்றுவதும் சரியன்று. நிறம் நன்றாயிருக்கிறதென்று மாற்றாமல் விடுவதும் சரியன்று.

மாதக் கணக்கன்று, மணிக் கணக்கு

பின் எதைப் பார்த்து மாற்றுவது? மணி காட்டும் மீட்டரைப் பார்த்து மாற்ற வேண்டும். ‘போன பொங்கலுக்கு மாற்றியது, இன்னும் ஆறு மாதம் ஆகவில்லையே’ என்று கூறுவதைக் கிராமங்களில் அடிக்கடி கேட்கலாம். மாதங்கள் யந்திரத்துக்குத் தெரியா. ஓடிய மணிகளே தெரியும். பல டிராக்டர்களுக்கு எஞ்சின் எண்ணெயையும் அதன் வடிகட்டியையும் 250 மணிக்கு ஒரு முறை மாற்றும்படி கைப்புத்தகத்தில் விதிக்கப்பட்டிருக்கிறது. சில மாதிரிகளுக்கு இது குறைவாகவும், சிலவற்றுக்கு அதிகமாகவும் இருக்கும். தினம் 8 மணி வீதம் வாடகைக்கு ஓடும் டிராக்டர் 31 நாட்களில் 248 மணி ஓடிவிடுகிறது. அதாவது, ஒரு பட்டத்தின் உழவு முடிவதற்குள்ளேயே எண்ணெய் மாற்றும் தவணை வந்துவிடுகிறது. ஆறு மாதம் காத்திருப்பவர், கெட்டுப்போன எண்ணெயில் பல நூறு மணி ஓட்டுகிறார்.

இதற்கு நேர்மாறானவரும் உண்டு. சொந்த நிலத்துக்கு மட்டும் ஓட்டி, வருஷத்தில் 100 மணிகூட ஓடாத டிராக்டரை வைத்திருப்பவர், 250 மணி ஆகவில்லையென்று மூன்று வருஷம் அதே எண்ணெயை விட்டுவைத்தலும் தவறு. கொட்டகையில் நிற்கும் காலத்தில் காற்றின் ஈரம் எண்ணெயிற் சேர்ந்து புளிப்பையும் துருவையும் உண்டாக்கும். மணி நிரம்பாவிடினும் வருஷம் ஒரு முறையேனும் மாற்ற வேண்டும். புதிய டிராக்டருக்கு முதல் மாற்றம் ஏறக்குறைய 50 மணியிலேயே வந்துவிடும். புதுப் பற்சக்கரங்களும் பிஸ்டன் வளையங்களும் ஒன்றோடொன்று பழகும்பொழுது உதிரும் நுண்ணிய இரும்புத் துகள்களை அந்த எண்ணெயோடு வெளியேற்றிவிட வேண்டுமாதலால், இதனைத் தவறவிடலாகாது.

எண்ணெயின் டப்பாவில் 15 டபிள்யூ-40 என்பது போன்ற குறி இருக்கும். முதல் எண் குளிர்ந்த நிலையில் எண்ணெய் எவ்வளவு எளிதில் ஓடும் என்பதையும், இரண்டாம் எண் சூடேறிய நிலையில் அதன் கனத்தையும் காட்டும். கைப்புத்தகத்திற் கண்ட குறியையே வாங்க வேண்டும். கியர்ப் பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் உரியது வேறு எண்ணெய். எஞ்சின் எண்ணெய் மிகுந்துவிட்டதென்று அதில் ஊற்றலாகாது. எண்ணெயில் மூழ்கிய பிரேக்குகளுள்ள டிராக்டர்களுக்கு அதற்கென்றே செய்யப்பட்ட எண்ணெய் அவசியம்.

காலைச் சோதனை

தினமும் காலையில் எஞ்சினைத் துவக்குமுன் பத்து நிமிஷம் செலவிட்டால் பின்வரும் சோதனைகள் யாவும் முடிந்துவிடும். டிராக்டர் சமதரையில் நிற்க வேண்டும். பின்னால் மாட்டிய கருவி தரையில் இறக்கப்பட்டிருக்க வேண்டும். சாவி கையிலிருக்க வேண்டும்.

முதலாவது, எஞ்சின் எண்ணெய். அளவுக் கோலை உருவிச் சுத்தமான துணியால் துடைத்து, மறுபடி முழுவதும் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் இரு கோடுகளுக்கிடையே, மேற்கோட்டுக்கு அண்மையில் நிற்பது நலம். மேற்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தீங்கே. மிகுந்த எண்ணெய் நுரைத்துக் கசிவை உண்டாக்கும். ஊற்றாமலேயே அளவு ஏறியிருந்தால், டீசலோ தண்ணீரோ உட்புகுந்துள்ளது என்று அறிய வேண்டும். டீசலாயின் வாசனையும் நீர்த்த தன்மையும் காட்டும். தண்ணீராயின் எண்ணெய் மோர் போல் வெளுக்கும். இரண்டிலும் எஞ்சினைத் துவக்காமல் மெக்கானிக்கை அழைப்பதே அறிவுடைமை.

இரண்டாவது, ரேடியேட்டர். குளிர்ந்திருக்கும்பொழுதே மூடியைத் திறந்து அளவு பார்க்க வேண்டும். சூடான ரேடியேட்டரைத் திறந்தால், அழுத்தத்திலிருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். கிணற்று நீரையும் குழாய்க் கிணற்று நீரையும் ஊற்றும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். வெந்நீர் அண்டாவின் உட்புறத்தில் உப்புப் படிவதை யாவரும் கண்டிருப்பர். அதே படிவு எஞ்சினின் நீர்ப்பாதைகளில் ஏறினால் சூடு வெளியேற வழியின்றிப் போகும். கைப்புத்தகம் கூறும் கூலண்டைக் கூறிய விகிதத்தில் வடித்த நீருடன் கலந்து ஊற்றினால், துருவும் படிவும் தடைப்படுவதோடு நீரின் கொதிநிலையும் உயர்கிறது. கூலண்ட் இனிப்புச் சுவையுடைய விஷமாதலின், அதனைத் திறந்த பாத்திரத்தில் வைத்துக் கன்றும் நாயும் நக்கும்படி விடலாகாது. ரேடியேட்டரின் முகத்தில் பதரும் வைக்கோலும் அடைத்திருந்தால் நீக்கிவிட வேண்டும். வேலையினிடையே எஞ்சின் மிகுதியாகக் கொதித்தால், பாரத்தை விலக்கிச் சிறிது நேரம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்த வேண்டும். கொதிக்கும் எஞ்சின்மேல் குளிர்ந்த நீரை வாரி ஊற்றினால் வார்ப்பிரும்பு வெடித்துவிடும்.

மூன்றாவது, விசிறிப் பட்டை. கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் தாழ வேண்டும். அதிகம் தாழ்ந்தால் பட்டை வழுக்கும், எஞ்சின் சூடேறும். சிறிதும் தாழாவிடில் பேரிங் தேயும்.

நான்காவது, கசிவு. இரவு நின்ற இடத்தின் தரையைக் குனிந்து பார்க்க வேண்டும். சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே உள்ள பகுதியை ஆராய்ந்தால் கசிவின் மூலம் தெரிந்துவிடும்.

ஐந்தாவது, பிரேக்கும் டயர்களும். வயலில் திரும்புவதற்காகத் தனித்தனியே மிதிக்கும் இரு பிரேக் மிதிகளையும், சாலையில் ஏறுமுன் ஒன்றாகப் பூட்டிவிட வேண்டும். பூட்ட மறந்து ஒன்றை மட்டும் வேகத்தில் மிதித்தால் டிராக்டர் ஒரு புறமாகச் சுழன்று கவிழும். டயரின் காற்றை அளவுமானியால் பார்க்க வேண்டும். பின் டயர்களுக்கு வயலில் காற்றுக் குறைவாகவும், சாலையில் பாரம் இழுக்கும்பொழுது அதிகமாகவும் இருக்க வேண்டியது முறை.

ஆறாவது, பாட்டரி. நீர் ஊற்றும் வகையாயின், வடித்த நீர் தகடுகளை மூடி நிற்க வேண்டும். முனைகளில் பூத்த வெள்ளைப் பொடியை வெந்நீரால் கழுவி, உலர்த்தி, வாஸலைன் தடவினால் மறுபடி பூப்பது தாமதப்படும். பாட்டரியின் அருகே பீடி, தீக்குச்சி ஆகாது. அதிலிருந்து எழும் வாயு தீப்பற்றக்கூடியது.

தூசு என்னும் பகை

கோடை உழவிலும், சொர்ணவாரிப் பட்டத்தின் கதிரடிப்பிலும் யந்திரத்தைச் சுற்றிலும் புழுதி எழுகிறது. எஞ்சின் உட்கொள்ளும் காற்றில் இப்புழுதி கலந்து சென்றால், அதிலுள்ள மணல் துகள்கள் பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டருக்கும் இடையே நின்று, சாணைக்கல் போல் இரண்டையும் தேய்த்துவிடும். எண்ணெயை எவ்வளவு ஒழுங்காக மாற்றினாலும் இத்தேய்வைத் தடுக்க முடியாது. அதைத் தடுப்பது ஏர் கிளீனர் ஒன்றே.

எண்ணெய்க் கிண்ணமுள்ள ஏர் கிளீனராயின், புழுதி மிகுந்த நாட்களில் தினமும் கிண்ணத்தைக் கழற்றி, அடியில் சேறு திரண்டிருந்தால் கொட்டிக் கழுவி, குறித்த கோடு வரை புதிய எண்ணெய் விட வேண்டும். உலர்ந்த காகித வகையாயின், அடைப்புக் காட்டும் குறி எழுந்தபொழுது மட்டும் கழற்றி, குறைந்த அழுத்தமுள்ள காற்றை உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகச் செலுத்தித் தூசு நீக்க வேண்டும். தரையில் தட்டுவதும், டீசலில் அலசுவதும் காகிதத்தைக் கிழித்துவிடும். உள்ளேயிருக்கும் சிறிய இரண்டாவது வடிகட்டியைச் சுத்தம் செய்ய முயலாமல், காலம் வந்தபொழுது மாற்றிவிட வேண்டும். ஏர் கிளீனரிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர்க் குழாயில் வெடிப்பு ஏற்பட்டாலோ, பிடிப்பு வளையம் தளர்ந்தாலோ மேற்கூறிய யாவும் வீணாகும்.

சேற்றுழவின் விசேஷ அபாயம்

மேற்கூறியவை எல்லா நாட்டு டிராக்டர்களுக்கும் பொது. சேற்றுழவோ நெல் விளையும் பூமிகளுக்கே உரியது. முழங்கால் அளவு சேற்றில் நாள் முழுவதும் உழலும் டிராக்டருக்கு நீரே முதற் சத்துரு. முன் சக்கரத்தின் குடம், முன் அச்சின் நடுமுளை, ஸ்டீயரிங் மூட்டுகள் ஆகியவற்றினுள் சேற்றுநீர் நுழைந்து, கிரீஸைக் கழுவிக்கொண்டு வந்துவிடுகிறது. ஆதலால், உலர் உழவில் 50 அல்லது 60 மணிக்கு ஒரு முறை கிரீஸ் இடும் இடங்களுக்கும், சேற்றுழவு நாட்களில் ஒவ்வொரு நாள் வேலையும் முடிந்ததும் கிரீஸ் இட வேண்டும். காலையைவிட மாலையே இதற்குச் சிறந்தது. ஏனெனில், உட்புகுந்த நீரை அன்றிரவே வெளியேற்றிவிடலாம். நிப்பிளின் வாயைத் துடைத்துவிட்டு, பழைய கிரீஸும் நீரும் வெளிவந்து புதிய கிரீஸ் தலைகாட்டும் வரை செலுத்த வேண்டும். துடைக்காமல் செலுத்தினால், வாயில் ஒட்டிய சேற்றையே உள்ளே செலுத்தியதாகும்.

ரோட்டவேட்டரின் தண்டில் வைக்கோலும் கோரையும் கயிறுபோல் சுற்றிக்கொள்ளும். அவற்றை அன்றன்றே அறுத்து நீக்காவிடில் ஆயில் சீலை அரித்து, எண்ணெய் வெளியேறவும் சேறு உள்ளே புகவும் வழி செய்யும். ரோட்டவேட்டரின் கியர்ப் பெட்டியிலும், பக்கவாட்டுச் சங்கிலி அல்லது பற்சக்கரப் பெட்டியிலும் தனித்தனியே எண்ணெய் உண்டென்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

டிராக்டரின் பின்பகுதியிலுள்ள கியர் எண்ணெயை வாரம் ஒரு முறை அளவுக் கோலில் எடுத்துப் பார்க்க வேண்டும். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது. அப்பொழுது மீட்டர் எத்தனை மணி காட்டினும் சரி, எண்ணெய் முழுவதையும் வடித்து, நீர் புகுந்த வழியை அடைத்து, புதிய எண்ணெய் விட வேண்டும். இவ்வெண்ணெய் பல லிட்டர் பிடிப்பதால் செலவு அதிகமென்று தயங்குவர். ஆயினும், பற்சக்கரங்களும் ஹைட்ராலிக் பம்பும் துருப்பிடித்தபின் ஆகும் செலவு அதனினும் பன்மடங்கு என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இவ்வேலைகள் யாவற்றையும் எஞ்சினை நிறுத்திய பின்னரே செய்ய வேண்டும். டிராக்டருக்கும் கருவிக்கும் இடையே சுழலும் தண்டு, வேஷ்டியின் முனையையோ தோளில் கிடக்கும் துண்டையோ ஒரு கணத்தில் பற்றி ஆளையே இழுத்துவிடும். அத்தண்டின் மேலுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது உயிருக்கு அபாயம்.

டீசலைக் காப்பது

டீசலில் கலந்த நீரும் தூசும், நுண்ணிய இடைவெளிகளுடன் செய்யப்பட்ட பம்பையும் இன்ஜெக்டரையும் கெடுப்பன. டாங்கியை மாலையில் வேலை முடிந்ததும் நிரப்பிவிடுவது நல்ல வழக்கம். பாதி காலியான டாங்கியில் இரவுக் குளிரால் காற்றின் ஈரம் பனித்துளியாகி டீசலில் இறங்கும். நிரம்பிய டாங்கியில் அதற்கு இடமில்லை. பீப்பாயிலோ கேனிலோ டீசல் வைத்திருப்பவர்கள், அதை ஆடாமல் வைத்து, அடிமண்டியைக் கலக்காமல் மேலாக எடுக்க வேண்டும். வடிகட்டியின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தித் தேங்கிய நீரை அவ்வப்பொழுது வடித்துவிட வேண்டும். பம்பையும் இன்ஜெக்டரையும் வீட்டில் பிரித்துப் பார்ப்பது தகாது. அவை பயிற்சி பெற்றவர் தொட வேண்டியவை.

புகை கூறும் செய்தி

வைத்தியர் நாடி பார்ப்பதுபோல், டிராக்டரின் புகையைப் பார்த்து அதன் உடல்நிலையை ஓரளவு அறியலாம். கரும்புகை தொடர்ந்து வந்தால், காற்றுப் போதவில்லை, அல்லது பாரம் மிகுதி, அல்லது டீசல் அளவுக்கு மேல் செல்கிறது. முதலில் ஏர் கிளீனரைப் பார்க்க வேண்டும். நீலப்புகை வந்தால், எஞ்சின் எண்ணெய் எரிகிறது, வளையங்கள் தேய்ந்திருக்கக்கூடும். எஞ்சின் சூடேறிய பின்னரும் வெண்புகை நிற்காவிடில், நீர் உட்புகுகிறது அல்லது டீசல் சரியாக எரியவில்லை. எண்ணெய் அழுத்தம் காட்டும் சிவப்பு விளக்கு ஓட்டத்தின் நடுவே எரிந்தால், ‘இந்தச் சால் முடியட்டும்’ என்று எண்ணாமல் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்த வேண்டும்.

வடித்த எண்ணெயை என் செய்வது?

மாற்றியபின் எஞ்சும் பழைய எண்ணெயை வாய்க்காலிலோ, வரப்போரத்திலோ, கிணற்றடியிலோ கொட்டுவது பெருந்தீங்கு. எண்ணெய் நீர்ப்பரப்பில் படலமாய்ப் பரவி, காற்று நீரிற் கலப்பதைத் தடுத்து மீன்களுக்குக் கேடு செய்யும். அதிலுள்ள உலோகத் துகள்களும் நச்சுப் பொருள்களும் மண்ணிலும் ஊற்றிலும் இறங்கும். இவ்வெண்ணெயைத் தனிக் கேனில் சேர்த்து மூடி வைத்து, பழைய எண்ணெயைச் சேகரித்துச் சுத்திகரிப்புக்கு அனுப்பும் பட்டறையில் கொடுக்க வேண்டும். ஏரிக்கரையிலும் மதகடியிலும் டிராக்டர்களைக் கழுவி எண்ணெய் மாற்றுவதைக் கிராம அதிகாரிகள் தடுத்து, அதற்கென மேட்டில் ஓர் இடத்தை ஒதுக்கித் தருவது ஊருக்கு நன்மையாகும்.

கணக்குப் புத்தகம்

இவ்வளவையும் செய்பவர்கள்கூடச் செய்ததை எழுதி வைப்பதில்லை. டிராக்டரைச் சொந்தக்காரர் ஒரு நாளும், மகன் ஒரு நாளும், கூலிக்கு அமர்த்திய டிரைவர் ஒரு நாளும் ஓட்டும்பொழுது, மற்றவர் பார்த்திருப்பார் என்று ஒவ்வொருவரும் எண்ணுவதால் ஒருவரும் பார்ப்பதில்லை. இதற்கு மருந்து ஒரு சிறிய நோட்டுப் புத்தகமே. தேதி, மீட்டர் காட்டும் மணி, ஊற்றிய எண்ணெயின் அளவு, கிரீஸ் இட்டது, கண்ட குறை, பார்த்தவரின் கையொப்பம் ஆகிய ஆறு பத்திகள் போதும். எண்ணெய் குறைவது முன்னைவிட அதிகமாகி வருவதை இப்புத்தகம் காட்டிவிடும். ஆகவே, முறிவு வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே அதனை அறியலாம்.

நம் ஜில்லாவுக்கு இது புதிதன்று. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் பொறிக்கப்பட்ட சாசனங்கள், ஏரியைப் பராமரிக்கக் குடவோலை முறையில் ஏரி வாரியத்தார் தெரிந்தெடுக்கப்பட்டதைக் கூறுகின்றன. அவர்கள் பதவிக்காலம் ஓராண்டு. முன்னர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடியும் தெரிந்தெடுக்கப்படத் தகுதியற்றவராவர். பராமரிப்பும் கணக்கும் ஒன்றைவிட்டு ஒன்று நில்லா என்பதை அச்சபையார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தனர். ஊர்ப் பொதுவில் வாங்கிய டிராக்டருக்கும், கூட்டுறவுச் சங்கங்களின் வாடகை யந்திரங்களுக்கும் இக்கணக்குப் புத்தகம் மிகமிக அவசியம். மாதம் ஒரு முறை சங்கத்தின் பொறுப்பாளர் அதனைப் பார்வையிட்டுக் கையொப்பமிடுதல் நலம்.

யந்திரப் பராமரிப்பை முறையாகக் கற்க விரும்பும் இளைஞர்களுக்கு, ஆந்திர நாட்டின் அனந்தப்பூர் ஜில்லா கார்லதின்னையில் மத்திய சர்க்கார் நடத்தும் தெற்கு மண்டலப் பண்ணை யந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையம் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்துப் புத்னியில் 1955-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட நிலையத்தின் வழியில் அமைந்தது அது. சொந்த டிராக்டர் இல்லாதவர்கள், வேளாண்மைப் பொறியியல் துறையின் யந்திரங்களை உழவன் செயலியின் வாயிலாக வாடகைக்குப் பெறலாம்.

இறுதியாக ஒரு யோசனை. பெரிய மராமத்துகளுக்கு உரிய காலம், மழை பெய்து ஏரி நிரம்பிக்கொண்டிருக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களேயாகும். அந்நாட்களில் வயலில் வேலை குறைவு. பட்டறையிலும் கூட்டம் குறைவு. எண்ணெய், வடிகட்டிகள், சீல்கள், விசிறிப் பட்டை, கிரீஸ் ஆகியவற்றை அப்பொழுதே மாற்றியோ வாங்கியோ வைத்துக்கொண்டால், மதகு திறக்கும் நாளில் டிராக்டரும் ஆயத்தமாக நிற்கும். அதன்பின் வேண்டுவது தினமும் காலையில் பத்து நிமிஷமும், மாலையில் ஒரு கை கிரீஸும், ஒரு வரிக் கணக்குமேயாகும்.